சூடு மேலிருந்து வரவில்லை

எங்கள் வீட்டுப் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்தால் அம்மா காலைத் தரையில் வைக்கமாட்டார். ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுக்கொள்வார். அது அவருடைய பழக்கம் என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு கத்திரி வெயிலில் ஆம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போதுதான் கேட்டேன்.

"தரை சுடுகிறது கண்ணு. உன் நைனா ஓட்டிய நாளிலேயே சுடும்" என்றார்.

நாற்பது ஆண்டுகளாக ஒரு மனுஷி காலை மடக்கிக்கொண்டே எங்களோடு வந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கும் சூடு தெரியும். கிளட்ச் மிதிக்கும் இடது கால் கியர்பாக்ஸ் மூடியை ஒட்டியே இருக்கும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் கெண்டைக்காலில் சுடிதார் ஒட்டிக்கொண்டு எரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருக்கும். வேலூரில் கோடை என்றால் இப்படித்தான் என்று விட்டுவிடுவேன். வெளியே 41 டிகிரி அடிக்கும்போது காருக்குள் சுடுவதில் என்ன அதிசயம் என்ற நினைப்புதான்.

வண்டி 1966ஆம் ஆண்டு வண்டி. இரண்டு கதவு, 948 சி.சி. இன்ஜின். வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை இருந்த காலத்தில் செய்தது. வேலூர் இன்னும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தபோது, 1984இல், ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடம் நைனா இதை வாங்கினார். இதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. இதே அடிச்சட்டத்தை (சேசிஸ்) குட்டையாக்கி, அவரே வரைந்த இன்னோர் உடலை மேலே வைத்து 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும் பானெட், நடுவில் தனியாகக் கழற்றக்கூடிய கியர்பாக்ஸ் மூடி எல்லாம் இரண்டிலும் ஒரே அமைப்புதான். ஆகவே நான் இங்கே எழுதுவது ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சூட்டைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் விட்டேன். தரை முழுவதும் வெள்ளி நிறத் தாளை ஒட்டி, அதன்மேல் சணல் ஃபெல்ட்டை விரித்து, அதன்மேல் கம்பளத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். 11,000 ரூபாய். பார்க்க அழகாக இருந்தது. சூடு அப்படியே இருந்தது. ஐப்பசி மழையில் உள்ளே இறங்கிய தண்ணீரைச் சணல் குடித்துக்கொண்டது. தரையில் தண்ணீர் வெளியேறும் துளைகளின் அடைப்பான்களையும் சேர்த்து மூடி ஒட்டிவிட்டிருந்தார்கள். தை மாதம் கம்பளத்தைத் தூக்கியபோது புளிப்பு நாற்றம் வந்தது. பயணி கால் வைக்கும் இடத்தில் விரலால் தட்டினால் துரு செதில் செதிலாகப் பெயர்ந்தது. நைனா வருடா வருடம் தார்ப்பூச்சு பூசிக் காத்த தரை அது.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். ராணிப்பேட்டை பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொதிகலனும் அதன் துணைக் கருவிகளும்தான் அவர் வாழ்க்கை. கம்பளத்தைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளித் தாளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"வெள்ளித் தகடு கதிராக வரும் சூட்டைத்தானம்மா திருப்பி அனுப்பும். அதற்கு முன்னால் கொஞ்சம் காற்று இடைவெளி வேண்டும். இரும்போடு ஒட்டிவிட்டால் அதுவும் சூட்டைக் கடத்தும் இன்னொரு தகடு, அவ்வளவுதான்" என்றார். பிறகு கியர் கம்பியின் அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சுவருக்குப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள். முதலில் ஓட்டையைத் தேடு."

தேடுவதற்கு அவர் சொன்ன வழி இது. இரவு எட்டு மணிக்கு, தெருவிளக்கு படாத இடத்தில் வண்டியை நிறுத்தினோம். பானெட்டைத் திறந்து இன்ஜின் பக்கம் ஒரு விளக்கு, வண்டிக்கடியில் ஒரு விளக்கு. முன்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, கதவுகளைச் சாத்தி, ஜன்னல்களைப் போர்வையால் மூடி, நான் வெறும் தரையில் மல்லாந்து படுத்தேன். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தெரிந்தது. பழைய ஓலைக் கூரைக்குள் நடுப்பகலில் படுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கசிந்தது. ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி ஒரு வளையம். பெடல்களுக்கு மேலே மூன்று கீற்று. ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையமே இல்லை. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள சுவரில் ஹீட்டருக்காக விட்டிருந்த இரண்டு துளைகளை யாரோ எப்போதோ துணியால் அடைத்திருந்தார்கள். கியர்பாக்ஸ் மூடியின் ஓரம் நெடுக, கிட்டத்தட்ட ஒரு முழ நீளத்துக்கு, விரல் நுழையும் அளவு பிளவு. சாக்பீஸால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டேன். பத்தொன்பது.

மறுநாள் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு வட்டத்திலும் ஊதுவத்தியைப் பிடித்துப் பார்த்தேன். மூடியின் பிளவில் புகை என் முகத்துக்கு நேராகத் திரும்பி வந்தது. ரேடியேட்டர் வழியே நுழைகிற காற்று இன்ஜினின் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு பின்னால் போக வழி தேடுகிறது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இறங்கிப் போக வேண்டியது, பிளவு இருந்தால் உள்ளே வருகிறது. ஓடும்போது இன்னும் வேகமாக வரும். சூடு மட்டும் வருவதில்லை. புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் அதே வழியில்தான் வரும். அம்மா நெடும்பயணத்தில் தலைசுற்றுகிறது என்று சொன்ன நாட்கள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. அன்றே புகைக்குழாய் இணைப்பின் கேஸ்கெட்டை மாற்றினேன். பின்பெட்டி மூடியின் ரப்பரையும் மாற்றினேன். ஜன்னல் திறந்திருக்கும்போது பின்னாலிருந்தும் புகை உள்ளே இழுக்கப்படும்.

கியர்பாக்ஸ் மூடிதான் பெரிய வேலை. என் வண்டியில் இருந்தது அழுத்திய அட்டையில் செய்தது. அறுபது ஆண்டு எண்ணெயும் சூடும் பட்டு, நனைந்த அப்பளம்போல் தொய்ந்திருந்தது. அதை எவ்வளவு இறுக்கினாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும். சத்துவாச்சாரியில் கண்ணாடி இழைத் தொட்டி செய்கிற ஒருவரிடம் பழைய மூடியையே அச்சாகக் கொடுத்து, தொய்ந்த இடங்களை மாவுக்கலவையால் நிரப்பி, புதிதாக ஒன்று செய்து வாங்கினேன். ஓரத்தில் பஸ் கூண்டு கட்டுகிறவர்கள் கதவுக்குப் போடும் மென்ரப்பர்ப் பட்டையை ஒட்டினேன். திருகுகளுக்கு அகல வாஷர் போட்டேன். இல்லாவிட்டால் இழையில் விரிசல் விடும்.

கியர் கம்பியின் உறையை நானே தைத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். என் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பழைய ரப்பர் உறை கம்பியின் கழுத்தில் வெடித்து, ஐந்து ரூபாய் நாணயம் போகும் அளவு திறந்திருந்தது. காகிதத்தில் நான்கு துண்டுகளாக வடிவம் எடுத்தேன். மேலே ஒடுக்கம், கீழே அகலம். முதல் வடிவத்தைத் துணியில் வெட்டி மாட்டி, கியரை முதலாவதிலிருந்து ரிவர்ஸ் வரை போட்டுப் பார்த்ததில் இரண்டாவது கியரில் இழுத்துப் பிடித்தது. அந்தப் பக்கத் துண்டுக்கு மட்டும் அரை அங்குலம் கூட்டினேன். மேலுக்கு ஆட்டுத் தோல், உள்ளுக்கு இன்னோர் உறை தனியாக. இரண்டையும் ஒட்டவில்லை, நடுவில் காற்று இருக்கட்டும் என்று விட்டேன். மடிப்பு வரும் ஓரங்களை மெல்லியதாகச் சீவி, பசை தடவி மடித்து, நைலான் நூலில் இரட்டைத் தையல். கழுத்தில் ஒரு பட்டை. கீழே அலுமினிய வளையம் வைத்து மூடியோடு திருகினேன். அதில் ஊதுவத்தியைப் பிடித்தபோது புகை நேராக மேலே போனது. அந்த நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெடல் துளைகளுக்கும் தோலிலேயே மடல்கள். கேபிள்களுக்குப் புதிய ரப்பர் வளையங்கள். ஹீட்டர் துளைகளுக்குத் தகடு வெட்டி ரப்பரோடு இறுக்கினேன். இன்ஜின் பக்கச் சுவரில் பழைய சாம்பல் நிற மெத்தைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. இந்த வயது வண்டிகளில் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதனால் சுரண்டவில்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு முழுசாகப் பெயர்த்து, பையில் கட்டினேன். உலைக்குப் போடும் செராமிக் பஞ்சு கிடைக்குமா என்று மாமாவிடம் கேட்டேன். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, காருக்குள் வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்மாவின் காலடி தனிக் கதை. அங்கே சூடு வருவது காற்றால் இல்லை. தரைக்கடியில் போகும் சைலன்சர் குழாய் தரைத் தகட்டைக் கீழிருந்து வாட்டுகிறது. லாங்கு பஜாரில் 1 மி.மீ. அலுமினியத் தகடு வாங்கி, குழாய்க்கும் தரைக்கும் நடுவே, தரையிலிருந்து 12 மி.மீ. இறக்கி மாட்டினேன். இடைவெளிக்கு இரும்புக் குழலை நறுக்கி வைத்தேன். ஓடும்போது தகட்டின் இரண்டு பக்கமும் காற்று போக வேண்டும். வெள்ளித் தாளுக்குக் கிடைக்காமல் போனது அந்த இடைவெளிதான். குழாயின்மேல் கண்ணாடி இழைப் பட்டை சுற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். அது ஈரத்தைப் பிடித்துக் குழாயை உள்ளுக்குள் அரிக்கும். இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் சுற்றினால் விரிசல் விடவும் கூடும். வேண்டாம் என்று விட்டேன். உள்ளே தரைக்குச் சணல் இனி இல்லை. கண்ணறைகள் மூடிய, தண்ணீர் குடிக்காத நுரை மெத்தையைக் காகித வடிவம் வைத்து வெட்டி, ஒட்டாமல் விரித்திருக்கிறேன். அடைப்பான்கள் இருக்கும் இடத்தில் வட்டமாக வெட்டி விட்டேன். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம்.

கடைசியாகத்தான் இன்ஜினைப் பார்த்தோம். அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், அது விழும் நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருந்தது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது தீப்பொறி தாமதமாக விழுந்திருக்கிறது. தாமதமாக எரிந்தால் அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகப் புகைக்குழாய்க்குப் போகும். இத்தனை வருடமும் அந்தக் குழாய் அநாவசியமாகக் கூடுதல் சூட்டோடு அம்மாவின் காலடியில் ஓடியிருக்கிறது.

கூரைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உள்துணிக்கு மேலே மெல்லிய நுரை, நிறுத்தினால் வேப்பமரத்தடி. ஏ.சி. வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. இந்தச் சின்ன இன்ஜினிலிருந்து கம்ப்ரசருக்கு எவ்வளவு பலம் எடுப்பது? டைனமோ தரும் மின்சாரம் விளக்குக்கும் பற்றவைப்புக்குமே சரியாக இருக்கிறது. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் வரும் காற்று 40 டிகிரியாக இருக்கட்டும், அது உடம்பு தாங்கும் காற்று. 70 டிகிரி காற்று காலடியில் கலக்காமல் இருந்தால் போதும்.

இந்த ஆண்டு அக்னி நட்சத்திரத்தில், அதே பிற்பகல் இரண்டு மணிக்கு, அதே ஆம்பூர்ச் சாலையில் போய்ப் பார்த்தோம். மாமாவின் அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தது. சென்ற ஆண்டு என் கெண்டைக்காலுக்கு அருகே கம்பளம் 58 டிகிரி, இந்த முறை 44. பின்பக்கத் தரை 54 இருந்தது, 43 ஆகியிருக்கிறது. வெளியே 40.

மாதனூர் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அம்மா வழக்கம்போல் சம்மணத்தில்தான் இருந்தார். "காலை இறக்கிப் பாரும்மா" என்றேன். பெருவிரலால் முதலில் தரையைத் தொட்டார். பிறகு பாதத்தை வைத்தார். பிறகு அடுத்த பாதம். ஒன்றும் சொல்லவில்லை. ஆம்பூர் வரை கால் இறங்கியே இருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பானெட்டின் பின் ஓரம் சுவரில் உட்காரும் இடத்து ரப்பர் காய்ந்துவிட்டது. நிற்கும்போது அந்த வழியாகச் சூடு முன்கண்ணாடிக்கு ஏறி, முக்கோணக் கண்ணாடி வழியே திரும்பி வருகிறது. அளவெடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.