கல்லூரி மூடினால் முதலில் விசாரிக்க வேண்டியது

2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடியபோது நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இப்போதும் மழை, புயல் என்று வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனால், "கொரோனா டைம்ல எப்படிண்ணா சமாளிச்சீங்க?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். வகுப்பு கூகுள் மீட்டிலா ஜூமிலா என்பது கிடக்கட்டும், மார்க்கை எதிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள் என்பேன்.

2020 ஏப்ரல் 29 அன்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொடுத்த வழிகாட்டுதலைப் பார்த்தால் காரணம் புரியும். ஊரடங்கு நாட்களை வருகையாகவே கணக்கிடலாம். தேர்வு நேரத்தை மூன்று மணியிலிருந்து இரண்டு மணியாகக் குறைக்கலாம். நிலைமை சீராகாத இடங்களில், இறுதியாண்டு தவிர மற்றவர்களுக்கு 50 சதவீத மார்க்கை இன்டர்னலிலிருந்தும் (செமஸ்டருக்கு இடையில் கல்லூரியே வைக்கும் மதிப்பீடு) மீதியை முந்தைய செமஸ்டரிலிருந்தும் போடலாம் என்றது. அப்படியென்றால், மூடிய பிறகு விடிய விடியப் படித்தவனைவிட, பிப்ரவரியிலேயே முதல் இன்டர்னலை ஒழுங்காக எழுதியவனுக்குத்தான் லாபம். செமஸ்டர் ஆரம்பத்தில் வரும் இன்டர்னலை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

இறுதியாண்டுக்காரர்கள் கதை வேறு. அவர்களுக்குத் தேர்வு உண்டு என்று யுஜிசி ஜூலையில் மறுபடி சொன்னது. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதற்கிடையில் "எல்லாம் கேன்சல்" என்று வாட்ஸ்அப்பில் ஓடிய செய்திகளுக்குக் கணக்கே இல்லை. அரியருக்கு (முன்பு தேறாமல் விட்ட பாடத் தேர்வுக்கு) பணம் கட்டியவர்கள் எல்லாம் பாஸ் என்று மாநில அரசே அறிவித்தும், தேர்வே நடத்தாமல் பாஸ் போடுவதை 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தேர்வு இல்லை என்று சுற்றறிக்கை வந்தாலும் புத்தகத்தை மூட்டை கட்ட வேண்டாம். நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே தாளில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பும் தேர்வும் வந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்றதும் பலர் படிக்கவே இல்லை. ஆனால் கேள்வி "விளக்குக" என்று வராது, ஒரு கணக்கையோ சூழலையோ கொடுத்துத் தீர்க்கச் சொல்வார்கள். எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் என்று தேடுவதற்குள் நேரம் போய்விடும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் சூத்திரங்களையும் பக்க எண்களையும் ஒரே தாளில் எழுதி வைத்தேன். அது மிகவும் உதவியது. ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு எண், பக்க எண் போட்டுவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒரு முறை திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் தலைகீழாக இருக்கும்!

டேட்டா விஷயத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி தரும் கார்டைத் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் அதற்குள் ஒரு செமஸ்டர் வகுப்பு முடிந்தே போயிருந்தது. இப்படி உதவி தாமதமாகத்தான் வரும். அதுவரை வீடியோவை அணைத்துவிட்டு ஆடியோ மட்டும் கேட்பது, ஆசிரியரிடம் வகுப்பின் வீடியோ பதிவைக் கேட்டு வாங்குவது என்று ஓட்ட வேண்டும்.

ஆன்லைனில் கடைசி வரை சரிவராதது லேப். 2021 பிப்ரவரியில் கல்லூரி திறந்ததும் பிராக்டிகலை எல்லாம் அவசர அவசரமாக முடித்தார்கள். மார்ச்சில் திரும்பவும் மூடினார்கள். அதனால் இடையில் கதவு திறந்தால் தியரி நோட்ஸைத் தேடி அலையாதீர்கள், அது வீட்டிலும் கிடைக்கும். நேராக லேபுக்குப் போய், ரெக்கார்டு நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.