ஏழாவது சோதனையில் அரியர்

மல்லி ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி, நம் ஊர் வேட்டை இனம். ஒன்பதாவது மாதத்தில் அவளை ஒரு நன்னடத்தைத் தேர்வுக்குக் கூட்டிப்போனேன், ஃபெயிலானோம். பதினான்காவது மாதத்தில் மறுபடி போய் பாஸ் ஆனோம். நடுவில் இருந்த ஐந்து மாதத்தில் நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆமாம், படித்தது நான்தான். மல்லிக்குப் பெரிதாகப் படிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அமெரிக்கன் கென்னல் கிளப் 1989-இல் தொடங்கிய 'கேனைன் குட் சிட்டிசன்' என்ற தேர்வு இருக்கிறது. மொத்தம் பத்து சோதனைகள். அந்நியர் வந்து நம்மோடு பேசும்போது நாய் அமைதியாக இருக்க வேண்டும், தடவிக் கொடுக்க விட வேண்டும், கூட்டத்துக்குள் கயிற்றை இழுக்காமல் நடக்க வேண்டும், நம்மைக் காணாமல் மூன்று நிமிடம் வேறொருவரிடம் நிற்க வேண்டும், இப்படிப் போகும். பத்திலும் தேறினால்தான் தேர்ச்சி. எங்கள் ஊரில் நாய் பழக்குகிற ஒருவர் அதே பத்தை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடத்தினார்.

ஏழாவது சோதனை, கூப்பிட்டால் வருவது. பத்தடி தள்ளிப் போய் நின்று, திரும்பிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். பத்தடி! எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து வாசல் அதைவிடத் தூரம். ஒன்பது சோதனைக்கும் மாய்ந்து மாய்ந்து பயிற்சி கொடுத்த நான், இதற்கு மட்டும் ஒன்றுமே செய்யவில்லை. வீட்டில்தான் கூப்பிட்டால் வருகிறாளே என்ற நினைப்பு.

"மல்லி, வா" என்றேன். தரையை மோந்துகொண்டிருந்தாள். "மல்லி, வாடி." ஒரு காது மட்டும் லேசாக அசைந்தது. "ஏய் மல்லி! இங்க வா!" நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு நிதானமாகத் தலையைத் திருப்பி மறுபடி மண்ணை மோந்தாள்.

தேர்வு நடத்தியவர் சிரிக்கவில்லை. "வீட்டில ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'வா'னு சொல்வீங்க? எண்ணிப் பாருங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு நோட்டும் கையுமாக உட்கார்ந்து எண்ணினேன். மதியத்துக்குள் நாற்பத்தொரு 'வா'. தங்கையைச் சாப்பிட, எதிர்வீட்டுப் பையனை உள்ளே, பிளம்பரை மாடிக்கு என்று எல்லோருக்கும் அதே 'வா'. அதில் மல்லிக்குச் சொன்னது ஒன்பது. வந்த பிறகு அவளுக்கு என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தேன்: குளிப்பாட்டு, சங்கிலி, உண்ணி எடுப்பு, காதில் மருந்து, கேட்டை மூடியது, இப்படி. நல்லது நடந்தது ஒரே ஒரு முறை, அது சோறு. என்னை அப்படி யாராவது கூப்பிட்டால் நானும் மண்ணைத்தான் மோந்திருப்பேன்.

ஆகவே குட்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: உங்கள் கூப்பிடு சொல் கெட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள். விட்டுவிட்டுப் புதுச் சொல் எடுங்கள். நான் முதலில் நம் ஊர் 'தோ தோ'வை முயன்றேன். மல்லி வந்தாள். கூடவே தெருவின் மூன்று நாய்களும் வந்தன. கடைசியில் 'ஓடியா' என்று வைத்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாருக்கும் அதைச் சொல்லக் கூடாது என்று சட்டம். அம்மா இரண்டு நாள் முறைத்தார், அப்புறம் பழகிவிட்டார்.

முதல் வாரம் கூப்பிடவே இல்லை. அவள் பக்கத்தில் நிற்கும்போது "ஓடியா" என்பேன், உடனே கோழி ஈரல் துண்டு ஒன்று. உப்புப் போடாமல் வேகவைத்து, தோசைக்கல்லில் கொஞ்சம் சுருள விட்டு, சுண்டல் அளவுக்கு நறுக்கியது. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. இதில் ஒரு நுணுக்கம்: சொல் முதலில், கை பிறகு. கை முந்திப் பைக்குள் போனால் நாய் கையைத்தான் படிக்கும், சொல்லைக் கேட்காது. எனக்கு இது பழக நான்கு நாள் ஆனது.

இரண்டாம் வாரம் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நான், மறு முனையில் தங்கை. மாறி மாறிக் கூப்பிட்டோம். வந்ததும் கழுத்துப்பட்டையைப் பிடித்து, பிடித்தபடியே ஈரல் கொடுத்து, உடனே விட்டுவிட வேண்டும். இந்தப் பிடிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு நாய் வரும், ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று ஆட்டம் காட்டும். வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்று அதற்குத் தோன்றக் கூடாது. வெளியே பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப விளையாட விட்டேன்.

ஒரு கூப்பாடு, ஒரே முறை. வராவிட்டால் இரண்டாவது முறை சொல்லாமல் நானே நடந்து போய், அவள் மூக்குக்கு முன்னால் ஈரலைக் காட்டித் திருப்பிக் கூட்டிவருவேன். வரவில்லை என்றால் தூரமோ இடமோ அவளுக்கு அதிகம் என்று அர்த்தம். அடுத்த முறை பாதித் தூரம்.

வெளியே போக நீளக் கயிறு வேண்டும், பத்து மீட்டர். துணி காயப்போடும் நைலான் கயிற்றை வாங்கிவிடாதீர்கள். முதல் நாளே அவள் அணிலைப் பார்த்து ஓடியதில் என் வலது உள்ளங்கை கிழிந்தது. பட்டையான நாடாக் கயிறுதான் சரி. அதையும் கழுத்தில் கட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். சிப்பிப்பாறை முழு வேகத்தில் போய்க் கயிற்றின் முனையில் நின்றால் கழுத்து என்ன ஆகும் என்று யோசியுங்கள். வெயிலும் ஒரு விஷயம்: காலை ஏழுக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். தரை சுடும்போது எந்த நாயும் பாடம் படிக்காது.

இன்னொரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நாலு மாதம் வரை குட்டி நம் காலைச் சுற்றிக்கொண்டே வரும், அதைப் பழக்கம் என்று நினைத்து ஏமாந்துவிடுகிறோம். பிறகு விடலைப் பருவம் வரும். பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளைப் பார்த்து, நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் லூசி ஆஷரும் குழுவினரும் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் 'உட்கார்' என்றால் கேட்ட குட்டிகள் எட்டு மாதத்தில் அவர் சொன்னால் கேட்பது குறைந்தது, அந்நியர் சொன்னால் குறையவில்லை. படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. ஒன்பதாம் மாதத்தில் தேர்வுக்குக் கூட்டிப்போன என் புத்தியை நினைத்துச் சிரிப்பும் வந்தது. இரண்டு மாதக் குட்டியிலேயே தொடங்குங்கள். தடுப்பூசி முடியும் வரை வீட்டுக்குள்ளும் மொட்டை மாடியிலும் மட்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய்ப் பயம் இருப்பதால் தெரு மண் வேண்டாம்.

பயிற்சி தொடங்கிய மூன்றாவது மாதத்தில் ஒருநாள் கேட் திறந்திருந்தது. மல்லி காய்ந்த கண்மாய்க்குள் ஆட்டு மந்தையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கயிறு இல்லை. ஆடு மேய்க்கிற தாத்தா கம்பை ஓங்கிவிட்டார். துரத்த வேண்டும் என்றுதான் கால் துடித்தது. துரத்தினால் அவளுக்கு அது பந்தயம், அதில் நான் ஜெயிக்கவே முடியாது. "ஓடியா!" என்று ஒரு முறை கத்திவிட்டு, முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடினேன். இருபது எட்டு ஓடித் திரும்பிப் பார்த்துக் குத்தவைத்தேன். காதுதான் முதலில் திரும்பியது. பிறகு பின்னங்கால் மண்ணில் சறுக்கியது, புழுதி எழுந்தது, அந்தப் புழுதிக்குள்ளிருந்து வந்தாள். அடிக்கக் கை வந்தது உண்மை. பையில் இருந்த ஈரல் மொத்தத்தையும் கொடுத்தேன். "ஓடிப்போனதுக்கு விருந்தா?" என்று அம்மா கேட்டார். திரும்பி வந்ததற்கு என்று சொன்னேன், அவருக்கு ஏறவில்லை.

தேர்வுக்கு வருவோம். உள்ளே தின்பண்டம் அனுமதி இல்லை. பை காலி என்று மல்லி கண்டுகொண்டால் காரியம் கெடும் என்பதால், கடைசி ஆறு வாரம் ஈரல் டப்பாவை மதில்மேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு கூப்பிட்டேன். வந்ததும் இருவருமாக டப்பாவை நோக்கி ஓடுவோம். சில முறை டப்பா கிடையாது, வெறும் பாராட்டும் பந்தும்தான். குரலையும் மாற்றி மாற்றிப் பழக்கினேன். தேர்வன்று பயத்தில் தொண்டை வறண்டு வேறு யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும், முதல் முறை எனக்கு அதுதான் நடந்தது. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், மைதானத்தை மோந்து முடிக்கவும் ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவும் விடுங்கள். நடுவில் போய்விட்டால் அதற்கே ஃபெயில் போடுவார்கள். குனிந்து கூப்பிடலாம், கை தட்டி உற்சாகப்படுத்தலாம், தடை இல்லை.

இரண்டாம் முறை பத்தடி தள்ளி நின்று "ஓடியா" என்றேன். வந்த வேகத்தில் என் முழங்காலில் மோதினாள். தேர்வு நடத்தியவர் அட்டையில் டிக் அடித்துவிட்டு, "அடுத்து எட்டு" என்றார்.

இப்போது மைதானத்தில் கயிறு இல்லாமல்தான் விளையாடுகிறாள். மயில் வருகிற கண்மாய்ப் பக்கம் மட்டும் இன்னும் கயிற்றைக் கழற்றுவதில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி மயிலைத் தொட்டாலே வழக்கு, முயலும் அதே சட்டத்துக்குள்தான் வரும். சிப்பிப்பாறை ரத்தத்துக்கு இதெல்லாம் தெரியாது. போன வாரம் அங்கே கூப்பிட்டதில் எட்டுக்கு ஐந்து முறை வந்தாள்.