டர்பனில் மறதி நோய்த் தொண்டு: சேர்வதற்கு முன் தெரிய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொன்னபின், நாலு பேருக்கு உதவியாக இருப்போம் என்று தொண்டு அமைப்பில் பெயர் கொடுக்கத் தோன்றும். நல்ல எண்ணம். ஆனால் அதற்கு முன், பராமரிப்பவர்களுக்கான ஆதரவுக் குழுவில் சில மாதம் போய் உட்காருங்கள். அல்சைமர்ஸ் சவுத் ஆப்பிரிக்கா, டிமென்ஷியா எஸ்ஏ ஆகிய அமைப்புகள் இப்படிக் குழுக்கள் நடத்துகின்றன. சொந்தத் துக்கம் கொஞ்சமாவது ஆறாதவரால் அடுத்தவர் சொல்வதைக் கேட்க முடியாது. தம் கதையைத் தொடங்கிவிடுவார்.

சேரும்போது பொதுவாக அடையாள அட்டை நகலும், குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றும் கேட்பார்கள். கைரேகையைக் காவல் நிலையத்தில் கொடுத்தாலும் பரிசீலனை பிரிட்டோரியாவில்தான், வாரக்கணக்கில் இழுக்கலாம். ஆகவே இதை முதலில் முடியுங்கள். போகும் வீட்டில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போப்பியா (POPIA) என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்புக்குரியது.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் தமிழ் பேசும் தொண்டருக்குத் தனி வேலை இருக்கிறது. நோய் முற்றும்போது, பிறகு கற்ற ஆங்கிலம் நழுவிப்போய், சிறுவயதுத் தமிழ் மட்டும் மிஞ்சுவது உண்டு. பேரப்பிள்ளைகளுக்கோ தமிழ் வராது. உள்ளே போனதும் டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள், எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். "ஆயா, டீ குடிக்கிறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. பதிலுக்குப் பத்து வினாடியாவது பொறுங்கள். அவசரப்பட்டு வேறு சொற்களில் திருப்பிக் கேட்டால், அவருக்கு அது இரண்டாவது கேள்வியாகிவிடும். "என்னை ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. இறந்துபோன அம்மாவைத் தேடினால் "அவங்க செத்துட்டாங்களே" என்று திருத்தாதீர்கள், ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவுச் செய்தி. "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று பேச்சைத் திருப்புங்கள்.

பேச்சு குறைந்தவருக்கும் கைப்பழக்கம் நெடுநாள் தங்கும். முனை மழுங்கிய பெரிய ஊசி, தடித்த நூல், ஒரு தட்டு செண்டுமல்லி கொடுத்துப் பாருங்கள், விரல்கள் தாமாகக் கோக்கும். மாலை கோணலாக வந்தாலும் அவர் எதிரே அவிழ்த்துச் சரிசெய்யாதீர்கள்.

குடும்பங்கள் உண்மையில் திணறுவது காகிதங்களில்தான். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்ததும் அது செல்லாது. பிறகு மாஸ்டர் ஆஃப் த ஹை கோர்ட் என்ற அதிகாரியின் அலுவலகத்தில், சொத்தைக் கவனிக்கும் நிர்வாகி நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் வழியாகக் குரேட்டர் என்ற பொறுப்பாளரை நியமிக்கச் செய்ய வேண்டும். இரண்டாவது வழியில் செலவு மிக அதிகம். உயிலும் திறன் இருக்கும்போதே எழுதியதாக இருக்க வேண்டும். அதனால் நோய் தெரிந்த தொடக்கத்திலேயே வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் தொண்டர் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள வார்த்தை இதுதான்.

அடுத்தது, அரசின் சமூக உதவித்தொகை முகமையான சாஸா (SASSA) தரும் உதவித்தொகை. முதியோர் தொகை 60 வயதிலிருந்து, வருமான, சொத்து வரம்புக்கு உட்பட்டது. அதை வாங்குபவருக்கு முழுநேரக் கவனிப்பு தேவைப்பட்டால் கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகையும் உண்டு. பலருக்கு இது இருப்பதே தெரியாது. மருத்துவ அறிக்கை 3 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதில் நோயின் பெயர் மட்டும் போதாது. இன்னொருவரின் முழுநேரக் கவனிப்பு தேவை என்பது தெளிவாக இருக்க வேண்டும். நோயாளியால் வரமுடியாவிட்டால், காரணம் சொல்லும் டாக்டர் கடிதத்தோடு உறவினர் விண்ணப்பிக்கலாம்.

மருந்து பற்றி யோசனை சொல்லாதீர்கள். ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்: டிமென்ஷியா பெரும்பாலும் மெல்லத்தான் கூடும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பி, தூங்கிவழிந்து, இல்லாததைப் பார்த்தால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை, மலச்சிக்கல் என்று ஏதாவது காரணமாக இருக்கலாம். "நோய் முற்றிவிட்டது" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும், கடையில் வாங்கிய நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.