குளோவிஸில் ஒரு சுவர்க்கோழி

டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரிலிருந்து குளோவிஸுக்கு ஏறக்குறைய நூறு மைல். வழியெல்லாம் மேடு பள்ளமில்லாத சமவெளி. நியூ மெக்சிகோ எல்லையைத் தாண்டியதும் கைபேசிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனது. ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியும் அவருடைய நண்பர்களும் 1957 பிப்ரவரியில் லபக்கிலிருந்து இந்த ஊருக்குத்தான் வந்தார்கள். அப்போது ஹாலிக்கு இருபது வயது.

மேற்கு 7ஆம் தெரு, எண் 1313. நார்மன் பெட்டியின் ஒலிப்பதிவுக்கூடம். முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் திறந்து காட்டுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் என் குரல் தானாகவே தணிந்துவிட்டது.

ஹாலி இங்கே வருவதற்கு முந்தைய ஆண்டு, 1956இல், நாஷ்வில்லில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் ஹாலியின் பாடல்களைப் பதிவு செய்தது. “தட்'ல் பி த டே” அவற்றில் ஒன்று. அதை வெளியிடாமலேயே கிடப்பில் போட்டு, ஒப்பந்தத்தையும் நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள். நார்மன் பெட்டியோ மணிக்கணக்குப் பார்க்காதவர். பாட்டுக்கு இவ்வளவு என்று மட்டுமே வாங்குவார். விடிய விடிய வாசித்துப் பார்க்கலாம். கைக்காசு குறைந்த இளைஞர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிப்ரவரி 25 அன்று அதே பாட்டை இங்கே மறுபடி பதிவு செய்தார்கள். டெக்காவுக்குக் கொடுத்த பாடலை ஹாலி தன் பெயரில் மீண்டும் பதிவு செய்யக்கூடாது என்பதால் குழுவுக்குப் பெயர் தேடினார்கள். பூச்சிகளின் பெயர்களைப் புரட்டி, ‘கிரிக்கெட்ஸ்’ என்று வைத்தார்கள். சுவர்க்கோழிகள்! செப்டம்பரில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

நான் அதிக நேரம் நின்றது முன்னறையில். “பெகி சூ” பதிவின்போது டிரம்ஸ் சத்தம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கியதால், டிரம்ஸ் வாசிக்கும் ஜெர்ரி அலிசனைக் கூடத்துக்கு வெளியே, இந்த முன்னறையில் உட்காரவைத்துதான் வாசிக்கவைத்தார்கள். “எவ்ரிடே” பாட்டில் அவர் டிரம்ஸையே தொடவில்லை. தன் தொடையில் தட்டினார். நார்மன் பெட்டியின் மனைவி ‘வை’ என்பவர் செலஸ்டா என்ற, மணியோசை தரும் சிறு பியானோ போன்ற கருவியை வாசித்தார். “நாட் ஃபேட் அவே”யில் அட்டைப்பெட்டிதான் தாளவாத்தியம். அந்தப் பாட்டைப் பல நூறு முறை கேட்டிருக்கிறேன். ஆனாலும் இங்கே நின்றபோதுதான் வெற்று அட்டையில் குச்சி படும் ஓசை எனக்குத் தனியாகப் பிரிந்து கேட்டது.

எதிரொலிக்கென்று பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை இருந்தது. “ஐ'ம் கானா லவ் யூ டூ” பதிவின்போது நிஜமான சுவர்க்கோழி ஒன்று அதற்குள் புகுந்துவிட்டது. அதன் சத்தத்தை அவர்கள் வெட்டி எறியவில்லை.

அடுத்த இரண்டே ஆண்டுகள். 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் விமானம் விழுந்தது. இருபத்திரண்டு வயதில் ஹாலி போய்விட்டார். லபக் கல்லறையில், குடும்பம் எழுதும் வழக்கப்படி, அவர் பெயரில் ஆங்கில எழுத்து ‘இ’ (e) ஒன்று கூடுதலாக இருக்கிறது. கல்லின்மேல் யார் யாரோ வைத்துப்போன, கிட்டார் மீட்டும் சிறு வில்லைகள். என்னிடம் வைக்க ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் காரில் சுவர்க்கோழி புகுந்த அந்தப் பாட்டைப் போட்டேன். முடியும் இடத்தில், கிட்டார் ஓய்ந்த பிறகு, அது கத்துகிறது.