மைல்டு சுருட்டும் மண்டபத்துக் காற்றும்

மே 3
மச்சான் துபாயிலிருந்து லீவுக்கு வந்தார். வழக்கமான தைலம், பேரீச்சையோடு இந்தத் தடவை ஒரு பெட்டி சுருட்டு, டொமினிகன் குடியரசுச் சரக்கு. சுருட்டு என்றால் நமக்குத் தெரிந்தது முனியய்யா படையலில் இருப்பதுதான். ஒரு இழுப்பிலேயே தொண்டை எரியும். இது மைல்டு, அதாவது காரம் குறைந்த ரகம். வெளிர் பழுப்பு, தொட்டால் வழவழப்பு. மேலே சுற்றியிருப்பது கனெக்டிகட் என்ற வகைப் புகையிலை. நேர் வெயில் படாமல் துணிப் பந்தலுக்குக் கீழே வளர்ப்பதால்தான் அவ்வளவு மெல்லிசு.

மே 4
தென்கடல் பக்கம் காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. மண்டபத்தில் ஒரு வசதி, ஒரு கடல் முரண்டு பிடித்தால் நடந்தே மறுகடலுக்குப் போய்விடலாம். வடகடலில் மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் கட்டிப்போட்ட விசைப்படகுகள். கரையில் ஒரு வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்தோம்.

சுருட்டின் மூடிய முனையை நூலளவு வெட்டினார் மச்சான். குச்சியின் மருந்து வாசம் போகும்வரை பொறுத்து, தீயில் முட்டாமல் மறு நுனியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகுதான் என்னிடம் தந்தார்.

"மாப்ள, பீடி மாதிரி நெஞ்சுக்குள்ள இழுக்காதீங்க. வாயோட நிறுத்துங்க."

முதலில் காய்ந்த வைக்கோல் வாசம். அப்புறம் வறுத்த கடலை, ஓரத்தில் லேசான இனிப்பு. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும். சாம்பலைத் தட்டவே வேண்டியதில்லை. விரற்கடை நீளத்துக்கு வெள்ளையாக, அடுக்கடுக்காக நின்றது. எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே பேச்சை விட்டுவிட்டோம்.

மே 9
சாப்பாட்டுக்குப் பிறகுதான் பற்றவைப்பது. வெறும் வயிறாக இருந்தால் நிகோட்டின் தலையைச் சுற்றவைக்கும். கூடவே கருப்பட்டிக் காப்பி. பால் டீ இதற்குச் சேராது.

மே 13
வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் பெரும்பாடு. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். நம் கடற்காற்றில் சும்மா வைத்தால் ஊறிப்போய்ப் பூஞ்சை பிடிக்கும், பற்றவும் பற்றாது. வெயில் வேறு. 25 டிகிரிக்கு மேல் போனால் இலைக்குள் புகையிலை வண்டின் முட்டை இருந்தால் பொரிந்துவிடும். ஆக, இறுக்கமான டப்பா, உள்ளே ஈரத்தைச் சமன் செய்யும் பொட்டலம், வீட்டின் குளிர்ந்த மூலை. அடுப்படியில் தேடியதில் கிடைத்தது நெத்திலிக் கருவாடு இருந்த டப்பா. எத்தனை கழுவினாலும் வாசம் போகிற வழியாக இல்லை. புதுசு வாங்கிவிட்டேன்.

மே 17
பக்கத்து வீட்டுப் பெரியப்பா திண்டுக்கல் சுருட்டுக்காரர். இதில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, "காரமே இல்லையேப்பா, முனியய்யாவுக்கு வச்சா கோவிச்சுக்குவாரு" என்றார். செடியின் உச்சி இலை வெயிலை வாங்கிக் காரமேறும், அடியிலை சாந்தமாக இருக்கும். மைல்டு சுருட்டின் உள்ளே உச்சி இலை குறைவு. காரம்தான் சுருட்டு என்பது அவர் கட்சி. எனக்கு ஒப்பவில்லை. காரம் ஏறினால் நாக்கு வேறெதையும் கவனிப்பதில்லை.

ஆனால் மைல்டு என்பது காரத்துக்குத்தான், கெடுதலுக்கு இல்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று அபாயம் உண்டு. அதனால் அடிக்கடி வேண்டாம் என்று வீட்டில் பேச்சு, நியாயம்தான்.

மே 24
மச்சான் கிளம்பினார். அடுத்த லீவுக்குத் தடியானது வேண்டாம், ஒல்லியாகச் சின்னதாக நாலு போதும் என்று சொல்லியனுப்பினேன். தடியானது முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதற்குள் வீட்டிலிருந்து ரெண்டு போன் வந்துவிடுகிறது.