மூளைக்குள் போனதா, ரத்த நாளச் சுவரிலேயே நின்றுவிட்டதா?

பெரும்பாலான மருந்துகளைத் தடுத்துவிடும் மூளை ரத்த நாளச் சுவரைத் தாண்டி, நானோ துகள் வழியாக மூளைக்கு மருந்து அனுப்பும் ஆய்வை முடித்த கையோடு எழுதுகிறேன். துகளைச் செய்வதைவிட, அது உள்ளே போனதை நிரூபிப்பதுதான் பெரிய வேலை.

செய்முறை எளிது. பிஎல்ஜிஏ என்ற, உடலில் சிதைந்து மறையும் பாலிமரையும் மருந்தையும் கரைப்பானில் கரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் கலந்த நீரில் சேர்த்து, ஐஸ்மேல் வைத்து மீயொலியால் கலக்கும் சோனிகேட்டரில் அடித்து, கரைப்பான் ஆவியாகும்வரை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜ், கழுவல், ஒளிச்சிதறலை வைத்துத் துகளின் அளவைக் கணிக்கும் டிஎல்எஸ் கருவியில் அளவு பார்த்தல். 200 நானோமீட்டருக்குள், பிடிஐ (துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.2க்குக் கீழே இருந்தால் நிம்மதி. உறையவைத்து உலர்த்துவதற்கு முன் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

துகளின் மேற்பூச்சு பாலிசார்பேட் 80 என்ற பால்மமாக்கி. ரத்தத்தில் இருக்கும் அபோலிப்போபுரோட்டீன் ஈ என்ற, கொழுப்பைச் சுமக்கும் புரதம் இந்தப் பூச்சின்மேல் ஒட்டிக்கொள்ள, மூளை நாளச் சுவரின் செல்கள் அதைக் கொழுப்புத் துகள் என்று நினைத்து கொழுப்புத் துகள்களைப் பிடிக்கும் எல்டிஎல் ஏற்பி வழியாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்பதுதான் பரவலான விளக்கம். 1995இல் யோர்க் க்ரோய்ட்டர் குழு வேறொரு பாலிமரில் இதே பூச்சோடு டாலார்ஜின் என்ற வலி நீக்கும் பெப்டைடைச் (சிறு புரதத் துண்டை) செலுத்தி, எலிகளுக்கு வலி குறைந்ததைக் காட்டியது. தனியாகச் செலுத்தினால் அந்த மருந்து மூளையில் வேலை செய்யாது. மருந்தின் விளைவே சாட்சியாக நின்றதால்தான் எனக்கு அந்தச் சோதனை அவ்வளவு பிடிக்கும்.

ஒளிரும் சாயம் ஏற்றிய துகளை விலங்குகளுக்குச் செலுத்தி எடுத்த எங்கள் படங்களில் கல்லீரலும் மண்ணீரலும்தான் பளிச்சென்று ஒளிர்ந்தன, மூளையில் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் அப்படியே நம்பக் கூடாது. நாளங்களில் மிச்சமிருக்கும் ரத்தமும் ஒளிரும், அதனால் மூளையை எடுப்பதற்கு முன் இதயம் வழியாக உப்புநீர் செலுத்திக் கழுவ வேண்டும். துகளை விட்டுக் கசிந்த சாயம் தனியாகப் போயிருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், துகள் நாளச் சுவர் செல்லுக்குள் நுழைந்து அங்கேயே தங்கியிருக்கலாம்! மூளையை அரைத்து, டெக்ஸ்ட்ரான் கரைசல் சேர்த்துச் சுழற்றினால் நுண்நாளங்கள் அடியில் படியும், மூளைத் திசு மேலே நிற்கும். இரண்டையும் தனித்தனியே அளந்தபோது பெரும்பங்கு அடியில்தான் இருந்தது. மேலே கிடைத்தது சிறிது என்றாலும் பூச்சில்லாத துகளைவிடத் தெளிவாக அதிகம், அந்த எண்ணைத்தான் நான் முடிவாக எழுதினேன்.

இதைத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: வெறும் சாயம், பூச்சில்லாத துகள், வெறும் மருந்து என்று ஒப்பீட்டுக் குழுக்கள் அனைத்தையும் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தரும் முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். பாதியில் சேர்க்க வேண்டுமென்றால் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், அதுவரை வேலை நிற்கும்.