தமிழில் எழுதினாலும் உடையாத பட்டன்

ஜூன் 3, 2025, செவ்வாய்

கோவையில் உட்கார்ந்து நாங்கள் செய்கிற இணையதளங்களில் பாதி திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, மீதி ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகளுக்கும் பொள்ளாச்சி தென்னைநார்க்காரர்களுக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கம்போனென்ட் லைப்ரரி, அதாவது பட்டன், அட்டவணை மாதிரி திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் பாகங்களின் தொகுப்பு, கட்டும் வேலை இன்று தொடங்கியது. முதலில் நிறங்கள். ஒவ்வொரு நிறத்தையும் நிரலில் குறிக்கும் பெயர்தான் டோக்கன்; அதற்கு ‘நீலம்’ என்று பெயர் வைக்க வேண்டாம், ‘முதன்மைச் செயல்’ என்று வைப்போம் என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் வியாபாரிக்கு அது நீலமாகவா இருக்கப்போகிறது?

ஜூன் 6, வெள்ளி

நாள் முழுக்க பட்டன்தான். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்று ஒரு சின்ன வார்த்தை போட்டுச் சோதித்தால் எந்தப் பட்டனும் அழகாகத்தான் இருக்கும், அதிலேயே ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று போட்டுப் பாருங்கள், அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் கட்டிவைத்திருந்தால் எழுத்து வெளியே வழியும், மேலே இருக்கிற புள்ளியும் சுழியும் வெட்டுப்படும். அதனால் உயரத்தை எடுத்துவிட்டு பேடிங் (எழுத்தைச் சுற்றி விடும் உள் இடைவெளி), வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்கு, இரண்டு வரியாக மடங்கவும் அனுமதி.

இன்னொன்று, எழுத்து எண்ணிக்கை. பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் ‘நீங்கள்’ எத்தனை எழுத்து என்று கேட்டால், சுழியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 7 என்கும். நமக்கு அது 4 எழுத்து. இந்தக் கணக்கை நம்பித் தலைப்பை வெட்டினால் ‘தமிழ்’ புள்ளியை இழந்து ‘தமிழ’ என்று நிற்கும், கடைக்காரர் பெயரிலேயே இப்படி ஆனால் அவர் மனது என்ன பாடுபடும்! பிரவுசரிலேயே இருக்கும், எழுத்துகளைப் பிரிக்கும் கருவியான ‘இன்டல் செக்மென்ட்டர்’ சரியாக 4 என்று பிரித்துக் கொடுக்கிறது. இனிமேல் எங்கள் லைப்ரரியில் எழுத்தை எண்ணுவதும் வெட்டுவதும் அதன் வழியாக மட்டும்.

ஜூன் 12, வியாழன்

புதிதாகச் சேர்ந்த தங்கை, கோபிப் பக்கம், பாகங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் ஸ்டோரிபுக் என்கிற கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏனுங்ணா, ஆர்டரை ரத்து பண்றதுக்கும் இந்தச் சிவப்பு பட்டன்தானுங்களா?”

“எதையாவது அழிச்சா திரும்ப வராதுன்னா மட்டும் சிவப்பு, அம்மணி. ரத்து பண்ணுன ஆர்டரைத் திரும்பப் போட்டுக்கலாமல்ல?”

இந்தப் பதில் என் வாயில் இருந்து என்ன பயன், ஆவணத்தில் இருக்க வேண்டும். ஒரு பட்டன் எந்தெந்த மதிப்புகளை வாங்கும் என்கிற அட்டவணையை நிரல் பார்த்தே எடுத்துவிடலாம். எங்கே போடக்கூடாது, ஏன் என்பதை மனுசர்தான் எழுத வேண்டும். எனவே ஒவ்வொரு பக்கத்திலும் அதுதான் முதல் பத்தி.

உதாரணங்களையும் மாற்றினோம். இடத்தை நிரப்பப் போடும் அர்த்தமில்லாத லத்தீன் வரிகளுக்குப் பதில் ‘பருத்தி டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம், 1,25,000 பீஸ்’ (ஜிஎஸ்எம் என்பது துணியின் எடை அளவு). போட்ட உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது, ஜெர்மனிக்காரருக்கு அதே எண் 125.000 என்று தெரிய வேண்டும். ஆக அட்டவணை கம்போனென்ட், மொழியையும் நாட்டையும் கேட்டு வாங்கியே ஆக வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

பட்டனின் ‘டைப்’ என்ற பண்புக்கு ‘வேரியன்ட்’ என்று பெயர் மாற்றம். இணையப் பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் பட்டனுக்கே சொந்தமாக ஒரு ‘டைப்’ இருப்பதால் இரண்டும் மோதுகின்றன, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற தளங்களை நிறுத்த முடியாதே. லைப்ரரியின் 1.1.0 பதிப்பில் இரண்டு பெயரும் வேலை செய்யும், பழையதை எழுதினால் நிரல் எழுதுபவர் பார்க்கும் கன்சோலில் எச்சரிக்கை வரும், 2.0.0 பதிப்பில் பழையது போய்விடும். மாற்றக் குறிப்பில் பழைய வரி, புதிய வரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம், தேதி தேர்வுப் பெட்டி பாக்கி இருக்கிறது.